கதைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்ததுண்டா?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி குடும்பத்து உள்விவகாரம். அதனால் பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அடையாளம் தெரிந்துவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். ஊரில் அவரவருக்கு அவரவர் கதையே தலைக்குமேல் இருக்கிறது.

கே: உங்கள் தாத்தாவின் முப்பது ஏக்கரை அவருடைய தம்பி ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டதாகச் சில வருஷம் முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். கேஸ் போட்டீர்களா? (ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், மன்னார்குடி)

ப: கேஸ் போடவில்லை. வில்லங்கம் போட்டேன்.

போன வருஷம் ஒரு மனை விஷயமாகச் சார் பதிவாளர் அலுவலகம் போனபோது, கையோடு தாத்தாவின் நிலத்துக்கும் ஒரு மனு கொடுத்தேன். பழைய வருஷங்கள் என்பதால் கம்ப்யூட்டரில் இல்லை. புத்தகத்தைப் புரட்டிக் கையால் எழுதிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. வந்த தாளில் ஒரே ஒரு பதிவு. வருஷம் 1961. விற்றவர் தாத்தா. வாங்கியவர் பக்கத்து ஊர் ரைஸ்மில்காரர். விஸ்தீரணம் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்.

மிச்சம் இருபத்தேழு ஏக்கர் முப்பது சென்ட்டை நாங்கள் அறுபது வருஷமாக வாயாலேயே உழுதிருக்கிறோம்.

சின்னத் தாத்தா எங்கே வந்தார் என்று பார்க்கப் பத்திரத்தின் நகலுக்கும் மனு கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தார், முதல் சாட்சியாக. அன்றைக்கு அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் பதிவு ஆபீஸுக்குப் போனதை ஊர் பார்த்திருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போடப் போனவர், கதையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, வாங்கியவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நகலில் இன்னொரு வரியும் இருந்தது. அது பிறகு.

இந்தக் கதையின் செலவுக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்னத் தாத்தா வீட்டோடு மூன்று தலைமுறையாக நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அப்பா கடைசிவரை யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை. பாங்க் லோன் பாரத்தைக் காட்டினால் நல்ல பாம்பைப் பார்ப்பதுபோல் பின்வாங்குவார். “கையெழுத்துப் போட்டுத்தான்டா நம்ம குடும்பம் அழிஞ்சுது” என்பார். வாடகை வீட்டிலேயே கண்ணை மூடினார். எனக்கு இந்தக் கதையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியவர் அத்தை. இப்போது அவருக்கு வயது 84.

நகலை எடுத்துக்கொண்டு சின்னத் தாத்தா வீட்டுக்குப் போனேன். அவருடைய பேரன் பொறுமையாகப் படித்துப் பார்த்தான். காபி கொடுத்தான். பிறகு கேட்டான்: “இது சரிண்ணே. எங்க ஜோடி மாட்டை உங்க தாத்தா ஓட்டிட்டுப் போனாரே, அதுக்கு நகல் இருக்கா?”

கே: மனிதன் ஏன் எதற்கெடுத்தாலும் கதை கட்டுகிறான்? (பிளஸ் டூ மாணவி, ஆம்பூர்)

ப: சும்மா இருக்க முடியாததால். 1944-ல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். நடிகர்கள்: ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். திறந்து மூடும் கதவோடு ஒரு கட்டம். மூன்றும் அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். 34 பேரிடம் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று உள்ளபடி சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் பலர் பெரிய முக்கோணத்தை முரடனாக்கி, வட்டத்தைப் பயந்த பெண்ணாக்கி, சின்ன முக்கோணத்துக்கு ஹீரோ வேஷம் கொடுத்துவிட்டார்கள்.

முக்கோணத்துக்கே வில்லன் மீசை ஒட்டுகிற மூளை, இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் செய்தியைச் சும்மா விடுமா?

கே: நான் நிற்கும் கியூ மட்டும் நகர்வதே இல்லையே, ஏன்? (குடும்பத் தலைவி, தேனி)

ப: நகர்ந்த கியூக்களிலும் நின்றிருக்கிறீர்கள். அதை நினைத்துப் பார்ப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

கே: காரணம் இல்லாமல் நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன். என்னைப் போன்றவர்களுக்கும் இந்தக் கதை விவகாரம் பொருந்துமா? (ஆடிட்டர், கோவை)

ப: உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். கடுமையான வலிப்பு நோய்க்காக, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிடும் சிகிச்சை ஒன்று இருந்தது. அப்படி வெட்டப்பட்டவர்களை மைக்கேல் கஸானிகா, ஜோசப் லெடூ என்ற மூளை ஆய்வாளர்கள் 1970-களில் சோதித்தார்கள். ஓர் இளைஞனின் இடது மூளைக்கு மட்டும் கோழியின் கால் படம் காட்டப்பட்டது. வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய வீட்டின் படம். பிறகு முன்னால் பரப்பியிருந்த படங்களில் பொருத்தமானதைத் தொடச் சொன்னார்கள். வலது கை கோழியைத் தொட்டது. இடது கை பனி அள்ளும் மண்வாரியைத் தொட்டது. இரண்டும் சரி.

ஏன் மண்வாரியைத் தொட்டாய் என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை. அதற்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. “தெரியவில்லை” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டாமா என்றது, ஒரு நொடிகூடத் தடுமாறாமல். அவன் பொய் சொல்லவில்லை. அதை அவன் நம்பினான். உள்ளே இப்படி ஒரு வியாக்கியானக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பது கஸானிகாவின் முடிவு.

முடிவு முதலில், வவுச்சர் பிறகு. ஆடிட்டருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கே: எட்டாம் வகுப்பில் ஆசிரியர் “உனக்குக் கணக்கு வராது” என்றார். அன்றிலிருந்து வரவில்லை. இப்போது கல்லூரி முதல் வருஷம்; இரண்டு அரியர். ராமானுஜனே பெயிலானவர்தான் என்று அப்பா தேற்றுகிறார். (மாணவர், திருநெல்வேலி)

ப: அப்பாவின் அன்புக்கு நூறு மார்க். தகவலுக்கு ஐம்பது. ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததும், பிறகு சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தவறியதும் உண்மை. ஆனால் அவரைக் கவிழ்த்தது கணக்கு இல்லை, கணக்கைத் தவிர மற்றதெல்லாம். உங்கள் கேஸுக்கு அவர் சாட்சிக்கு வரமாட்டார்.

வேறு சாட்சி தருகிறேன். 1982-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக டிமோதி வில்சன், பட்ரீஷியா லின்வில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மார்க் குறைந்து, நமக்கு மூளை போதாதோ என்று கவலையில் இருந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், முதல் வருஷம் பலருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப்போக மார்க் ஏறும் என்ற விவரத்தைக் கொடுத்து, சீனியர்கள் அதையே சொல்லும் வீடியோவையும் காட்டினார்கள். டியூஷன் இல்லை, அறிவுரை இல்லை. இரண்டாம் வருஷ முடிவில், இதைக் கேளாதவர்களில் 25 சதவீதம் பேர் படிப்பை விட்டுப் போயிருந்தார்கள். கேட்டவர்களில் 5 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் “எனக்கு வராது” என்ற கதையும் “இன்னும் வரவில்லை” என்ற கதையும் வேறு வேறு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகின்றன என்பது தெரிகிறது.

அந்த ஆசிரியர் சொன்னது ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு தினம் ஒருமுறை அதை உங்களுக்குச் சொன்னவர் யார்? அரியரை முதலில் எழுதுங்கள். கதையைப் பிறகு பார்க்கலாம்.

கே: பெண் பார்க்கப் போன அன்று என் மனைவி கட்டியிருந்தது பச்சைப் புடவை. அவள் மாம்பழ மஞ்சள் என்று சாதிக்கிறாள். 25 வருஷத் தகராறு. யார் பக்கம் நிற்பீர்கள்? (வெள்ளி விழா கண்டவர், திருச்சி)

ப: வாசல் பக்கம். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலை அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில், செய்தியை எங்கே, யார் சொல்லி, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டோம் என்று மாணவர்களை எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைஸர். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடத் தேறவில்லை. வேடிக்கை அதற்குப் பிறகுதான். அவர்கள் கையால் எழுதிய பழைய தாளையே எடுத்துக் காட்டியும் யாருக்கும் பழைய நினைவு திரும்பவில்லை. தாளைவிடத் தலையைத்தான் நம்பினார்கள்.

ஆல்பத்தைப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புடவை நீலமாக இருந்துவிட்டால், இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

கே: எங்கள் ஜோதிடர் என்னைப் பார்த்ததுமே “வெளியே தைரியமாக இருப்பீர்கள், உள்ளுக்குள் கவலை” என்றார். அப்படியே சரி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு)

ப: என்னையும் அப்படியே சொல்லியிருக்கிறார். உங்கள் பக்கத்துக் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர், தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, உன் குணாதிசயம் இது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 39-லும் ஒரே எழுத்து. பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஜாதகத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. பொருத்தம் பார்ப்பதும் நேரம் குறிப்பதும் உங்கள் விருப்பம். ஒரு பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று எழுதிவைத்து, அதை வைத்தே அவளுடைய முப்பது வயது வரைக்கும் கதை எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கதையில் அவள் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை.

கே: மருமகள் முன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மகனிடம் சொன்னால் சண்டை வரும். எல்லாவற்றையும் மனசிலேயே பூட்டி வைத்து உடம்பே கனத்துவிட்டது. என்ன செய்ய? (ஊரும் வேண்டாம் என்றவர், வயது 61)

ப: அம்மா, உடம்பு கனத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நோய்க்கு நம்மிடம் ஒரு நாட்டார் கதை உண்டு. ஏ.கே. ராமானுஜன் 1991-ல் வெளியிட்ட இந்திய நாட்டார் கதைத் தொகுப்பில் அதைத் தமிழ்க் கதையாகவே சேர்த்திருக்கிறார்.

ஒரு விதவைத் தாய். இரண்டு மகன், இரண்டு மருமகள். நால்வரும் படுத்திய பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டாள். வைக்க வைக்க உடம்பு பெருத்துக்கொண்டே போனது. அதையும் சொல்லிக் கேலி செய்தார்கள். ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்தாள். எதிரே ஒரு சுவர். பெரிய மகனைப் பற்றிய குறையை அதனிடம் கொட்டினாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுந்தது. அவள் உடம்பு கொஞ்சம் இளைத்தது. அடுத்த சுவரிடம் பெரிய மருமகள். அதுவும் விழுந்தது. அடுத்து சின்ன மகன், சின்ன மருமகள். நாலு சுவரும் மண்ணாகிக் கிடக்க, லேசான உடம்போடு வீட்டுக்கு நடந்தாள்.

யாரும் திருந்தவில்லை, கவனித்தீர்களா? மகன்கள் காலில் விழவில்லை. மருமகள்கள் மனம் மாறவில்லை. சீரியல் எழுதுபவர்கள் கையில் கொடுத்திருந்தால் கடைசியில் எல்லோரையும் கோயிலில் நிறுத்தி அழவைத்திருப்பார்கள். கதையைக் கட்டியவளுக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது.

இதே வைத்தியத்தை டாலஸ் நகரத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் சுவர் இல்லாமல் செய்து பார்த்தார். 1986-ல் வெளியான ஆய்வு. 46 மாணவர்கள். தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுத வேண்டும். சிலருக்கு உப்புச்சப்பில்லாத தலைப்பு. சிலருக்கு, வாழ்க்கையில் ரொம்ப வலித்ததை எழுதச் சொன்னார். வலித்ததை எழுதியவர்கள் அன்றன்றைக்கு இன்னும் சோர்ந்துதான் எழுந்தார்கள். ஆனால் நடந்ததையும் அது தந்த வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் குறைவாகவே போனார்கள். பின்னால் இப்படி எழுதியவர்களின் தாள்களை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. அதிகம் பயனடைந்தவர்களின் எழுத்தில் நாளுக்கு நாள் “ஏனென்றால்”, “இப்போது புரிகிறது” மாதிரியான சொற்கள் கூடிக்கொண்டே போயிருந்தன. முதல் நாள் புலம்பல், நாலாம் நாள் கதையாகியிருந்தது. பிறகு நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். சர்வரோக நிவாரணி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

எழுதி முடித்துக் கிழித்துவிடுங்கள். மருமகள் கையில் கிடைத்தால் விழுவது வேறு சுவர். எழுத உட்கார்ந்தால் மனசு தாங்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கே: “கதையை மாற்று, வாழ்க்கை மாறும்” என்று ஒருநாள் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் மூவாயிரம். போகலாமா? (உணவு டெலிவரி செய்பவர், ஆவடி)

ப: மூவாயிரம் ரூபாய்க்கு எத்தனை ஆர்டர் ஓட்ட வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள் தம்பி. பெட்ரோல் விலை உங்கள் மனநிலையைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. வீட்டு வாடகை, கந்துவட்டி, என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு வீடு காலி இல்லை என்பவர், இதெல்லாம் உங்கள் மண்டைக்குள் இல்லை. வெளியே இருப்பதை உள்ளே இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்குவது இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

மாற்ற வேண்டிய கதை ஒன்று உண்டுதான். “எனக்குச் சம்பாதிக்கத் துப்பில்லை” என்று இருந்தால், “ஒரு ஆர்டருக்குத் தரும் காசு கட்டுப்படியாகவில்லை” என்று திருத்திக்கொள்ளுங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு தூக்கத்தைத்தான் கெடுத்துக்கொள்ள முடியும். இரண்டாவதை வைத்துச் சங்கம் ஆரம்பிக்கலாம். இதற்கு எனக்குக் கட்டணம் வேண்டாம்.

கே: சின்ன வயதில் கேட்டதில் உங்களுக்குப் பிடித்த கதை? (நூலகர், காரைக்குடி)

ப: அத்திரிபாச்சா. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறக்காமலிருக்க “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே நடந்து, வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று குதித்து, அதன்பிறகு வீடு வரைக்கும் “அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா” என்று சொல்லிக்கொண்டே போய், அத்திரிபாச்சா செய்யத் தெரியாத மனைவியை அடித்துவிட்ட கதை. சிறுவயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்த மனைவியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவன் எந்த வாய்க்காலைத் தாண்டினான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் சின்னத் தாத்தா வீட்டாருக்கும் தெரிந்திருக்காது.

கே: என் பையன் படு சோம்பேறி. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. (வங்கி ஊழியர், வேலூர்)

ப: சொல்லிச் சொல்லித்தான் ஆகியிருக்கிறான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் என்ற குடும்ப ஆலோசகர் இருந்தார். ஆறு வயதுப் பையன் ஒருவன் உடையிலேயே மலம் கழித்துக்கொண்டிருந்தான். டாக்டர், மருந்து, திட்டு, எதுவும் பலிக்கவில்லை. அவனிடம் உள்ள கோளாறு என்று பேசுவதை வைட் நிறுத்தினார். அந்தத் தொல்லைக்கே ஒரு பெயர் வைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் “திருட்டுக் கக்கா”. திருட்டுக் கக்கா உன்னை எப்போதெல்லாம் ஏமாற்றுகிறது, நீ அதை ஏமாற்றிய நாள் உண்டா, அம்மா அப்பாவை அது எப்படியெல்லாம் படுத்துகிறது என்று விசாரணை. பையன் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போலீஸ் உத்தியோகத்துக்கு வந்துவிட்டான். தொல்லை ஒழிந்தது. வைட்டும் நியூஸிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1990-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார்கள்.

சோம்பலுக்கு ஒரு பெயர் வையுங்கள். மாமனார் பெயரை மட்டும் வைக்காதீர்கள்.

கே: எங்கள் கட்சி மூன்று தேர்தலாகத் தோற்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தொண்டர்களுக்கு நம்பிக்கை கூடுகிறதே, எப்படி? (கிளைச் செயலாளர், விருதுநகர் மாவட்டம்)

ப: 1954 டிசம்பர் 21 விடியுமுன் வெள்ளம் வந்து உலகம் அழியும், தங்களை மட்டும் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும் என்று சிகாகோ பக்கத்தில் ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. நள்ளிரவு தாண்டியது. தட்டு வரவில்லை. விடியற்காலை நாலே முக்காலுக்கு, தலைவியான டாரதி மார்ட்டினுக்குப் புதுச் செய்தி வந்தது: இந்தச் சிறு கூட்டத்தின் ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது. உள்ளே வேஷம் போட்டு உட்கார்ந்திருந்த, உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். 1956-ல் புத்தகமாக வந்தது. குறிப்பெடுக்கப் போனவர்களே கதைக்குள் கொஞ்சம் கைவைத்தார்கள் என்றும் ஒரு விமர்சனம் உண்டு. பார்வையாளர்களும் மனிதர்கள்தானே.

டெபாசிட் போன ஊரில் “வாக்கு சதவீதம் கூடியிருக்கிறது” என்று போஸ்டர் ஒட்டியிருப்பீர்கள். அதுதான் உங்கள் நாலே முக்கால் செய்தி.

கே: எல்லாம் தலையெழுத்து என்று நினைத்தால் மனசு ஆறுகிறதே, அதில் என்ன தப்பு? (கூட்டுறவுச் சங்க ஊழியர், சிவகாசி)

ப: ஆறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து சொல்வதும் ஒரு முன்கதைதான். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது என்கிறது தெய்வம். ஏன் என்று தெரிந்த துக்கம் ஏன் என்று தெரியாத துக்கத்தைவிடத் தாங்கக்கூடியது. இளங்கோவுக்கு அது தெரியும்.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். இந்தக் கணக்கில், சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் வெறும் தபால்காரன் ஆகிவிடுகிறான். உங்கள் சங்கத்தில் யாராவது பணத்தைச் சுருட்டினால் முற்பிறப்புக்குப் போகாதீர்கள். தணிக்கைக்குப் போங்கள்.

கே: குடும்பம் நொடித்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? (இரண்டு பெண்களின் தாய், நாகர்கோவில்)

ப: சொல்லுங்கள். எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், உனக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது, இந்த மாதிரி. அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. அந்த இருபதைப் பாடமாக உருப்போட வைத்தால் பலன் இல்லை. சேர்ந்து சாப்பிட்டு, வெட்டிப் பேச்சு பேசுகிற வீட்டில் அது தானாகக் காதில் விழுகிறது, பலன் அங்கே.

டியூக் குடும்பக் கதைகளை மூன்று வகை பிரிப்பார். ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தோம் என்பது ஒன்று. எல்லாம் இருந்தது, போய்விட்டது என்பது இன்னொன்று. ஏறினோம், இறங்கினோம், கடையை மூடினோம், மறுபடி திறந்தோம் என்பது மூன்றாவது. மூன்றாவதைக் கேட்டு வளரும் பிள்ளைதான் அடி விழுந்தால் எழுந்து நிற்கிறது என்பது அவர் கருத்து. எங்கள் வீட்டில் இரண்டாவது வகை. மூன்று வேளையும் பரிமாறினார்கள்.

கே: அத்தைகிட்ட சொல்லியாச்சா, இல்லையா? (இந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகுமுன் படிப்பவர், எங்கள் வீட்டுச் சமையலறை)

ப: நகலில் இன்னொரு வரி இருந்தது என்றேனே, அது நிலத்தை விற்பதற்கான காரணம். அந்தக் காலத்துப் பத்திரங்களில் அதையும் எழுதுவார்கள். தாத்தா எழுதியிருப்பது, குமாரத்தியின் விவாகச் செலவுக்காக. தாத்தாவுக்கு ஒரே பெண்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். “வாடா, இளைச்சுட்டியே” என்றார். நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் பேச்சு வரவேண்டிய இடத்துக்கு வந்தது. “முப்பது ஏக்கரு. கிணத்துல தண்ணி குனிஞ்சா கைக்கு எட்டும். அது மட்டும் இருந்திருந்தா உங்கப்பன் வாடகை வீட்ல செத்திருப்பானா?” சொல்லும்போது கழுத்தில் கிடக்கும் இரட்டை வடச் சங்கிலியை விரலால் திருகிக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குத் தாத்தா போட்ட சங்கிலி.

பையைத் திறந்தேன். நகல் மேலாகத்தான் இருந்தது. அதற்கு அடியிலிருந்து நீ கொடுத்தனுப்பிய அதிரசத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மூடினேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை எதையும் தானாகப் படிப்பதில்லை. பக்கத்து வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வாரம் மட்டும் அத்தைக்கு ராசிபலனை வாசித்துக் காட்டிவிட்டு மூடிவிடுங்கள்.